தென்னந்தோப்பு சென்சாருக்கு ஏஓடிவியா, ஓஎல்எஸ்ஆரா? என்எஸ்-3-இல் ஒப்பிடும் முறை

பொள்ளாச்சித் தோப்பில் மண் ஈரம் பார்க்கும் சென்சார்களை வைஃபையில் இணைக்கும் முன், எந்த ரவுட்டிங் (தரவு சென்சாருக்குச் சென்சார் தாவிப் போகும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒத்துவரும் என்று என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். ஏஓடிவி தேவைப்படும்போது மட்டும் வழி தேடும். ஓஎல்எஸ்ஆர் வழிகளை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். என்எஸ்-3-உடன் வரும் ‘மேனெட் ரவுட்டிங் கம்பேர்’ உதாரணத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அதில் 50 நோடுகள் (நெட்வொர்க்கில் உள்ள கருவிகள்) நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. தோப்பில் எதுவும் நகர்வதில்லை.

மரத்துக்கு மரம் 25 அடி, ஏறக்குறைய 7.5 மீட்டர். எட்டு மரத்துக்கு ஒன்று என்றால் 60 மீட்டர். ஐந்துக்கு ஐந்து கட்டமாக 25 நோடுகளை நிறுத்துங்கள். ஒரு மூலை மோட்டார் ரூம். மற்ற 24-உம் அதற்கு அனுப்பட்டும். தூரத்தோடு சிக்னல் குறைவதைக் கணக்கிட அந்த உதாரணத்தில் உள்ள ஃப்ரீஸ் மாடல் வெட்டவெளிக்கானது. லாக் டிஸ்டன்ஸ் மாடலுக்கு மாறி அடுக்கெண்ணை (தூரத்தோடு இழப்பு எவ்வளவு வேகமாகக் கூடும் என்பது) 3 என வையுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சிக்னல் இழப்பின் இயல்பு மதிப்பு 46.67 டெசிபல், அது 5 கிகாஹெர்ட்ஸ் கணக்கு. 2.4-க்கு 40 போடுங்கள்.

முதல் ஓட்டத்தில் ரவுட்டிங் அட்டவணையை அச்சிடுங்கள். எதிர்மூலை நோடு ஒரே தாவலில் மோட்டார் ரூமை எட்டினால் அனுப்பும் திறனைக் குறையுங்கள். எல்லாமே நேரடியாகக் கேட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை.

அதிகம் சறுக்குவது அனுப்பும் இடைவெளியில்தான். போக்குவரத்து குறைவென்றால் ஏஓடிவியே சிக்கனம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஏஓடிவியின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 3561-படி பயன்படாத வழி 3 நொடியில் காலாவதியாகும். சென்சார் 30 நொடிக்கு ஒருமுறை பேசினால் கிட்டத்தட்ட ஒவ்வொரு அளவீட்டுக்கும் வழிதேடல் தோப்பு முழுக்கப் பரவும். வழி காலாவதியாகும் இந்தக் கால அளவை 3 நொடி, 40 நொடி என இரண்டாகவும் வைத்து ஓட்டுங்கள். 24 நோடும் ஒரே நொடியில் தொடங்கினால் பிராட்காஸ்ட்கள் (எல்லா நோடுகளுக்கும் பொதுவாக அனுப்புபவை) மோதிக்கொள்ளும், அவற்றுக்கு மறு அனுப்புதலும் கிடையாது. தொடக்கத்தை 30 நொடிக்குள் சிதறவிடுங்கள். மொத்தம் 1,800 நொடியாவது ஓடட்டும்.

கட்டுப்பாட்டுச் சுமையை (ரவுட்டிங்குக்காகவே போகும் செய்திகளின் அளவு) என்எஸ்-3-இன் அளவீட்டுக் கருவியான ஃப்ளோமானிட்டரில் எடுக்காதீர்கள். அது யூனிகாஸ்டை (ஒரே நோடுக்கு அனுப்புவதை) மட்டுமே எண்ணும்: ஏஓடிவியின் பதில்கள் 654-ஆம் போர்ட்டில் ஃப்ளோவாகத் தெரியும், ஓஎல்எஸ்ஆர் பிராட்காஸ்டாக அனுப்பும் ஹலோ, டிசி என்ற கட்டுப்பாட்டுச் செய்திகள் தெரியவே தெரியாது. சுமையை பிகேப் கோப்பில் (போன பாக்கெட்டுகள் எல்லாம் பதிவாகும் கோப்பு) எண்ணுங்கள். டெலிவரி விகிதம் பார்க்கும்போது 654-ஆம் போர்ட்டின் ஃப்ளோக்களை நீக்கிவிடுங்கள்.

என்எஸ்-3-இன் சீடு (தற்செயல் எண்கள் தொடங்கும் இடம்) நிலையானது. பத்து முறை ஓட்டினாலும் அதே விடைதான். ‘ஆர்என்ஜிரன்’ எண்ணை 1 முதல் 20 வரை மாற்றுங்கள், இரண்டு புரோட்டோகாலுக்கும் அதே எண்கள். புரோட்டோகாலை மாற்றும்போது தானாக வழங்கப்படும் ஸ்ட்ரீம்கள் (தற்செயல் எண் வரிசைகள்) நகர்ந்து தொடக்க நேரங்களும் மாறிவிடும். தொடக்க நேரத்தைத் தரும் தற்செயல் மாறிக்கு ஸ்ட்ரீம் எண்ணை நீங்களே கொடுங்கள். பிறகு ரன் வாரியாகக் கழித்து, 20 வித்தியாசங்களின் சராசரியையும் 95 சதவீத நம்பக இடைவெளியையும் போடுங்கள். அந்த இடைவெளிக்குள் பூஜ்ஜியம் விழுந்தால் ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று எழுத வேண்டாம்.