எருமைப்பால் ஆடையிலிருந்து வீட்டு நெய்: மணம் உறையில் தொடங்குகிறது

வீட்டில் காய்ச்சிய நெய் மணக்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் அடுப்பில் இல்லை. ஆடையைப் புளிக்க விடாமல், பச்சையாகவே ஃபிரிட்ஜில் பத்துப் பதினைந்து நாள் சேர்த்துக் கடைந்திருப்பார்கள். ஆடையைத் தயிராக்கிக் கடைந்தால்தான் வெண்ணெயில் மணம் ஏறும். அடுப்புச் சூடு அந்த மணத்தை முற்ற வைக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பால். காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது, கறவை குறைவு. அதனால் கொங்குப் பக்கம் வெண்ணெய்க்கு எருமைப்பால்தான் நம்பகமானது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், எருமைப்பாலில் 6 முதல் 8 வரை. பாக்கெட் பால் வாங்குபவர்கள் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு ஆவின் பாக்கெட் போன்றதை எடுக்கலாம். ‘ஹோமோஜினைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அதில் கொழுப்பைப் பொடியாக உடைத்துப் பாலோடு கலந்துவிடுகிறார்கள், எவ்வளவு காய்ச்சினாலும் ஆடை சரியாகப் படியாது.

பால் பொங்கியதும் தீயைத் தணித்து ஐந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். ஆறும்வரை கலக்கவோ முழுக்க மூடவோ கூடாது. ஓட்டைத் தட்டு போட்டால் போதும். பிறகு ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். ஆடை தடித்து, கண்கரண்டியால் தூக்கினால் ஒரே தகடாக வரும்.

முதல் நாள் எடுத்த ஆடையில் ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிர் கலந்து, ஐந்தாறு மணி நேரம் வெளியே வைத்துப் புளித்த வாசனை வந்த பிறகே ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்தடுத்த நாள் ஆடையை அதிலேயே போட்டு அடிவரை கலக்க வேண்டும். மேலாக மட்டும் போட்டு மூடினால் அந்த அடுக்குக்கு உறை சேராது, கசப்பு அங்கேதான் தொடங்கும். குளிரிலும் வளரும் நுண்ணுயிர்கள் கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பதுதான் கசப்புக்குக் காரணம். புளிப்பு ஏறிய ஆடையில் அவை அவ்வளவாகத் தலையெடுக்காது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். கசந்த ஆடையில் எடுத்த நெய்யை முருங்கைக்கீரை போட்டாலும் காப்பாற்ற முடியாது.

கடைவதற்கு முந்தின இரவு பாத்திரத்தை வெளியே வைத்து முழுதும் தோய விடுங்கள். சித்திரை வெயில் காலத்தில் நான்கு மணி நேரமே போதும். தோய்ந்ததை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கடையுங்கள். தொட்டால் குளுமையாக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்கக் கூடாது. மிக்ஸியானால் ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் நுரைக்கும், பிறகு கெட்டியாகிச் சுற்றவே திணறும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சில சுற்றில் ரவை ரவையாக உடைந்து, மோர் தனியாகத் தண்ணீர் மாதிரி பிரியும், சத்தமும் லேசாகிவிடும். அப்போது ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஒரு சுற்று விட்டால் வெண்ணெய் திரண்டு மிதக்கும்.

வெறும் நுரையாகவே நின்றால் குளிர்ச்சி அதிகம். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள். திரளாமல் பிசுபிசுவென்று பக்கமெல்லாம் ஒட்டினால் சூடு அதிகம். ஐஸ் கட்டி போடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கடைவது நல்லது. பிரிந்த மோர் கம்பஞ்சோற்றுக்கு அருமையாக இருக்கும்.

வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, நீரை ஒட்டப் பிழியுங்கள். அலசாமல் விட்டால் மோர்க்கசடு அடிப்பிடித்துக் கருகும். தெளிந்த நீர் வரும்வரை நான்கைந்து முறை அலசினால் மணமும் சேர்ந்து போய்விடும். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிக் காய்ச்சுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

அடிகனமான பாத்திரத்தில் பாதிக்குக் கீழே வெண்ணெய் இருக்கட்டும், நுரை பொங்கும். அரைக் கிலோவுக்குச் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் ஆகும். உருகியதும் வெள்ளை நுரை கட்டிச் சடசடவென்று சத்தம் வரும். அது தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் அடங்க ஆரம்பித்ததும் பக்கத்தை விட்டு நகராதீர்கள். நுரையை ஒதுக்கி அடியைப் பாருங்கள். வெள்ளையாக இருந்த கசடு வெளிர்மஞ்சளாகி, பொன்னிறத்தைத் தொடும் நேரத்தில் மெல்லிய நுரை இரண்டாவது தடவை எழும். அதுதான் பதம். உடனே அணைத்து, ஈரமில்லாமல் உலர்த்திய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போடுங்கள். ஈரம் இருந்தால் தெறிக்கும், நெய்யும் சீக்கிரம் கெடும். அணைத்த பிறகும் பாத்திரத்துச் சூட்டில் கசடு சிவந்துகொண்டே போகும். அதனால் நன்றாகச் சிவக்கும்வரை அடுப்பில் காத்திருந்தால் கருகல் வாசம் அடித்துவிடும். முன்னதாகவே இறக்கினால் ஈரம் தங்கிப் பச்சை வாடை அடிக்கும். அப்படியானால் திரும்ப அடுப்பில் ஏற்றிப் பதம் பார்க்கலாம், கருகியதற்குத்தான் வழியில்லை.

அரைக் கிலோ வீட்டு வெண்ணெய்க்கு 350 முதல் 400 கிராம் நெய் தேறும். அதைவிடக் குறைந்தால் பிழிந்தது போதவில்லை, நெய் எங்கும் போகவில்லை.

பத்து நிமிடம் ஆறவிட்டு, உலர்ந்த எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி ஜாடியிலோ வடிகட்டுங்கள். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம், அதிலுள்ள செம்பு பட்டால் நெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். மணல் மணலாக உறைய வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வைக்காமல், அசைக்காமல் மெதுவாக ஆற விடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து நெய்க்குள் சொட்டும்; முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். வடிகட்டியில் நின்ற கசடையும் மொறுமொறு முருங்கை இலையையும் சூடான அரிசிம்பருப்பு சாதத்தில் போட்டுப் பிசைந்து அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் வைத்தால் நமத்துவிடும்.