குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை அப்படியே ரெடி கேஷுக்கு விற்பது எப்படி?

வேலூரில், சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ வாடகைக்கு விட்ட வீட்டை, ஆளைக் காலி செய்யாமல், வெள்ளைகூட அடிக்காமல் விற்கலாம். லோன் போடாமல் வாங்குகிறவர் கிடைத்தால் பேங்க் வக்கீலுக்கும் மதிப்பீட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட பேரம் குடித்தனக்காரரின் அட்வான்ஸ் கணக்கில் முறியக்கூடும். அங்கே கவனம் வையுங்கள்.

படி 1: பத்திரங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஹவுஸ் டாக்ஸ் ரசீது, கரன்ட் பில் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பழைய கடனை அடைத்தும் ரசீதுப் பத்திரம் (கடன் தீர்ந்தது என்று காட்டும் பத்திரம்) பதியாமல் விட்டிருந்தால், அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். அதை முதலில் முடியுங்கள்.

படி 2: குடித்தனக்காரரிடம் எழுத்து. பதியாத வாடகை ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது. அதனால் வாங்குபவர் நீங்கள் சொல்வதைத்தான் நம்புகிறார். ஒரு தாளில் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: குடிவந்த தேதி, மாத வாடகை, கொடுத்த அட்வான்ஸ், எந்த மாதம் வரை வாடகை கட்டியாயிற்று, ஒப்பந்தம் முடியும் நாள். மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து இருந்தால் நாலு பேரும் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்பதும் வேண்டும். வாடகையில்லாமல் மொத்தத் தொகைக்கு லீஸ் விட்டிருந்தால் இன்னும் கவனம்: அந்த 4, 5 லட்சம் நீங்கள் திருப்ப வேண்டிய கடன்.

ஒப்பந்தக் காலம் ஓடும்போது, வீட்டை விற்கிறோம் என்பது மட்டுமே காலி செய்யச் சொல்லக் காரணமாகாது. தண்ணீர், கரன்ட்டை நிறுத்தி நெருக்குவதும் சட்டப்படி தவறு. வீடு காட்ட வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். முகம் கோணாத குடித்தனக்காரர் இருந்தால் பேரமே சுலபமாகும்.

படி 3: விலையும் நிலையும். விலை 42 லட்சம், வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000 என்று வையுங்கள். அந்த 27,000-ஐ விலையில் கழித்துவிட்டு, திருப்பித் தரும் பொறுப்பு வாங்குபவருடையது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஜூன் 11-ல் பதிவு, ஜூன் வாடகை முன்பே வாங்கியாயிற்று என்றால், ஒரு நாளுக்கு 300 ரூபாய்: முதல் 10 நாளுக்கு 3,000 உங்களுக்கு, மீதி 6,000 வாங்குபவருக்கு.

‘இருக்கிற நிலையில்’ என்று எழுதினால் எல்லாம் மூடிவிடாது. பார்த்தால் தெரியாத குறையை, தெரிந்திருந்தும் மறைத்தால் பொறுப்பு உங்களுடையதே. காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் சிலாப், கோடையில் வற்றும் போர் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

படி 4: பணம். ரெடி கேஷ் என்றால் நோட்டுக் கட்டு என்று பொருளல்ல. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். டிடி அல்லது ஆர்.டி.ஜி.எஸ். (பேங்க் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் முறை) கேளுங்கள், கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்து. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்காக விலையில் பிடிக்கும் தொகை) பிடிப்பார். முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழக்கமாக வாங்குபவர் செலவு.

படி 5: பதிவு முடிந்த அன்றே. இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைக் குடித்தனக்காரரிடம் கொடுங்கள்: இனி வாடகை யாருக்கு, எந்தக் கணக்கில், அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது. விற்பனை தெரியாமல் அவர் உங்களிடமே வாடகை கட்டினால் அது செல்லும். புது ஓனர் அவரிடம் மறுபடி கேட்க முடியாது. பெற்றுக்கொண்டதாக ஒரு நகலில் கையெழுத்து வாங்கி, கிரயப் பத்திர நகலோடு வையுங்கள்.