மினியேச்சர்களுக்கு ஒரு மேடும் ஒரு இடிந்த சுவரும்

மேஜை விளையாட்டு மினியேச்சர்களுக்கு, அதாவது மேஜையில் நகர்த்தி விளையாடும் குட்டி ஆள் பொம்மைகளுக்கு, நிலக்காட்சி செய்ய ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கோட்டை கட்டக் கிளம்பிவிடுகிறார்கள், பாதிச் சுவரில் அலுத்துப்போய் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கோட்டை வேண்டாம். ஒரு சின்ன மேடு, அதன் மேல் ஒரு இடிந்த கல் சுவர், அவ்வளவு போதும். இதைச் செய்து முடித்தால் வெட்டுவது, கல் மாதிரி காட்டுவது, பெயிண்ட், புல் எல்லாமே கைக்கு வந்துவிடும்.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு பொம்மையை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், வேலை முடியும் வரை அது அங்கேயே நிற்கட்டும். விளையாட்டு மினியேச்சர்களில் 28 மி.மீ. உயர அளவுதான் அதிகம் புழங்குகிறது. அதைச் சுமார் 1:56, அதாவது நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு, என்று எடுத்துக்கொண்டு நிஜக் கதவின் உயரத்தை 56-ஆல் வகுத்து வெட்டினால் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் கதவு குட்டையாகத் தெரியும், ஏனென்றால் பொம்மை நிற்கும் அடித்தட்டே 3 மி.மீ. உயரம் இருக்கிறது. அகலமும் அப்படித்தான்; 25 அல்லது 32 மி.மீ. வட்டத்தட்டு நுழையாத வாசல் வாசலே இல்லை. நான் கதவுக்கு 40 மி.மீ. உயரம் வைக்கிறேன், ஆள் பின்னால் பதுங்கும் சுவருக்குச் சுமார் 20. அளவுக் கணக்கும் பொம்மையும் முரண்பட்டால் பொம்மை சொல்வதைக் கேளுங்கள்.

பொருள் என்று பார்த்தால், பெட்டிகளில் வரும் சாதாரணத் தெர்மாகோல் மேட்டின் உள்பகுதிக்கு ஆகும், கல்லுக்கு ஆகாது. வெட்டினால் மணி மணியாக உதிரும். கட்டடங்களில் வெப்பத்தைத் தடுக்கப் பதிக்கிற எக்ஸ்பிஎஸ் என்ற நுரைப் பலகைதான் இதற்கு லாயக்கு. மணி இல்லாமல் ஒரே சீராக இருக்கும், அழுத்தினால் அழுத்திய தடம் அப்படியே நிற்கும். பிளேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு அறுக்காது, பிய்க்கும். ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்காமல் மூன்று நான்கு இழுப்பில் வெட்டுங்கள். சூடான கம்பியால் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை உடம்புக்கு நல்லதில்லை.

மேட்டுக்கு 25 மி.மீ. உயரம் போதும். ஒரு பக்கம் பாறை மாதிரி செங்குத்தாக வெட்டி, இன்னொரு பக்கத்தைப் பொம்மை சறுக்காத அளவுக்குச் சாய்வாக்கி, மேல்பகுதியைத் தட்டையாக விடுங்கள். இதை 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டி, பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் சரித்துத் தேய்த்துவிட்டால் மேஜையோடு சேர்ந்து தெரியும். அட்டை வேண்டாம். என் முதல் மேடு அட்டையில்தான் செய்தேன், பசை காயக் காயச் சுருங்கி மறுநாள் காலையில் படகு மாதிரி வளைந்து நின்றது. அட்டைதான் இருக்கிறது என்றால் அடிப்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுத்து, மேலே கனம் வைத்துக் காயவிடுங்கள்.

இனி கல், எனக்குப் பிடித்த கட்டம். 10 மி.மீ. தடிமன் பலகையைப் பட்டை பட்டையாக வெட்டி, பட்டையைச் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே நீளத்தில் வேண்டாம், சில 12, சில 18. இப்போது அவை புதுச் சோப்புக்கட்டி மாதிரிதான் இருக்கும். ஒரு மூடி போட்ட டப்பாவில் கைப்பிடி ஜல்லியோடு அவற்றைப் போட்டு இரண்டு நிமிஷம் குலுக்குங்கள் (வீட்டில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து). திறந்தால் முனைகள் மழுங்கி, அங்கங்கே குழி விழுந்து, மழையும் வெயிலும் பட்ட கல் மாதிரியே இருக்கும். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி முகப்புகளில் உருட்டினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும்.

இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி அடுக்குங்கள். வெள்ளைப் பசை போதும், ஆனால் இரண்டு நுரைத் துண்டுகளுக்கு நடுவே காற்று போகாததால் காய நேரமாகும், அதுவரை பல்குச்சி குத்திப் பிடித்து வையுங்கள். கரைப்பான் கலந்த பசை பக்கமே போக வேண்டாம், நுரையைத் தின்றுவிடும். உடைந்த முனை படிப்படியாக இறங்கட்டும். அப்புறம், சுவர் இடிந்திருக்கிறது என்றால் விழுந்த கல் எங்கே? இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடியில் ஏழெட்டுக் கல்லைப் பாதி புதைந்த மாதிரி ஒட்டுங்கள். பெயிண்டுக்கு முன்னால், இப்போதே, பொம்மையை மேட்டில் நாலைந்து இடத்தில் நிறுத்திப் பாருங்கள். விழும் இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம்.

மேட்டில் பசை தடவி, சலித்த மணலைத் தூவி, காய்ந்த பின் தண்ணீரில் கரைத்த பசையை மேலே சொட்டவிடுங்கள். ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தால் முத்து முத்தாக நிற்காமல் மணலுக்குள் இறங்கும். பிறகு கறுப்பு அக்ரிலிக் பெயிண்டையும் வெள்ளைப் பசையையும் சம அளவு கலந்து, நுரை எங்கும் வெளியே தெரியாதபடி பூசுங்கள். இதுதான் கவசம். இதைச் செய்யாமல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையை உருக்கிவிடும். நானும் ஒரு சுவரை அப்படி இழந்திருக்கிறேன், கண் முன்னாலேயே கல்லெல்லாம் குழைந்து போயிற்று.

கறுப்பின் மேல் அடர் சாம்பல் நிறம், இடுக்குகளில் கறுப்பை விட்டுவிட்டு. ஐந்தாறு கல்லுக்கு மட்டும் பழுப்போ லேசான பச்சையோ கொடுத்தால் சுவர் ஒரே கட்டியாகத் தெரியாது. அடுத்து, பழுப்பும் கறுப்பும் கலந்து நீர்த்த பெயிண்டை வழியவிட்டு முழுசாகக் காயவிடுங்கள். கடைசியாக டிரை பிரஷ். வெளிர் சாம்பலில் பிரஷ்ஷைத் தொட்டு, பழைய துணியில் துடைத்து, அதற்கப்புறமும் துடையுங்கள். புறங்கையில் இழுத்துப் பாருங்கள், தோலின் கோடுகள் மட்டும் லேசாக வெளுத்தால் சரியான பதம். பட்டையாகக் கோடு விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்தப் பிரஷ்ஷால் கல்லின் ஓரங்களைத் தடவினால் ஒவ்வொரு குழியும் எழுந்து வரும்.

புல்லுக்கு முன் ஒரு கணக்கு: புல்லாக ஒட்டும் செயற்கை நாரில் 2 மி.மீ. நீளத்தை 56-ஆல் பெருக்கினால் 11 செ.மீ. வருகிறது, அது மேய்ந்த புல். 6 மி.மீ. என்றால் முப்பது செ.மீ.க்கு மேல், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். நார்களை மின்னேற்றி நிமிர்த்தும் கருவி இல்லாவிட்டால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, பசை தடவிய இடத்தில் புஸ் புஸ் என்று அமுக்கித் தூவுங்கள், ஓரளவு நிற்கும். மேடு முழுக்க வேண்டாம். சுவரின் அடியிலும் விழுந்த கற்களைச் சுற்றியும் திட்டுத் திட்டாக வையுங்கள், வழி என்று தோன்றும் இடத்தை மண்ணாகவே விடுங்கள். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை, அதையும் புல் ஒட்டிய பசை நன்றாகக் காய்ந்த பிறகுதான்.