புது ரெப்போவா? முதல் கமிட்டுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் புது ரெப்போ (ஒரு புராஜெக்டின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) திறக்க அரை நிமிடம் போதும். அந்த அவசரத்தில் ரீட்மீ (அறிமுகக் கோப்பு) கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு, அப்புறம் கணினியில் இருப்பதை அங்கே ஏற்றும் முதல் புஷ்ஷிலேயே முட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் கணினியில் ஏற்கெனவே நாலு கமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டாயிற்று என்றால், அங்கே ரீட்மீ, லைசென்ஸ் எதையும் சேர்க்காமல் காலி ரெப்போவாகவே திறங்கள். சேர்த்தால் அங்கே தனியாக ஒரு கமிட் உருவாகிவிடும், அதற்கும் உங்கள் கமிட்டுகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புஷ் மறுக்கப்படும்; சரி, அங்கிருப்பதை இறக்கி இணைக்க புல் செய்யலாம் என்று போனால் அதுவும் தொடர்பில்லாத வரலாறுகளை இணைக்க முடியாது என்று கைவிரிக்கும். உடனே, அங்கிருப்பதைத் தள்ளிவிட்டு நம்முடையதை ஏற்றும் ஃபோர்ஸ் புஷ் அடிக்கத் தோன்றும். தனியாள் ரெப்போ என்றால் போகட்டும், ஒரு ரீட்மீதானே. ஆனால் இது கைப்பழக்கமாகிவிட்டால் ஒருநாள் கூட வேலை செய்பவரின் கமிட்டும் போய்விடும்.

கமிட்டுகள் வரிசையாகச் சேரும் கிளையின் (பிராஞ்ச்) பெயரையும் பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து கிட்ஹப் புது ரெப்போவுக்கு மெயின் என்றுதான் வைக்கிறது, உங்கள் கணினியிலோ மாஸ்டர் என்று இருக்கலாம்.

இதெல்லாம் சரிசெய்துவிடக்கூடிய தவறுகள். எந்தக் கோப்புகளை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் எழுதாமல், எல்லாவற்றையும் சேர்க்கும் ‘கிட் ஆட் புள்ளி’ அடிப்பது அப்படியல்ல. நான் ஒருமுறை டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்த என்வ் என்ற அமைப்புக் கோப்பை அப்படித்தான் ஏற்றினேன். அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து அந்தக் கமிட்டைத் திறந்தால், பாஸ்வேர்ட் வரி சிவப்புப் பின்னணியில், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு, எல்லோரும் படிக்கிற மாதிரி பளிச்சென்று இருந்தது! நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி ஆகிவிட்டால் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது, வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. பிரைவேட் ரெப்போதானே என்றும் இருந்துவிடாதீர்கள். பின்னாளில் பப்ளிக் ஆக்கினால் பழைய கமிட்டுகளும் சேர்ந்தே வெளியே வரும்.

கிட்இக்னோரைப் பிறகு எழுதினால், ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை அது கண்டுகொள்ளாது. ‘கிட் ஆர்எம்’ கட்டளையோடு ‘கேஷ்ட்’ சேர்த்து அதைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். நோட் மாட்யூல்ஸை (இறக்கிய நூலகங்கள் குவியும் ஃபோல்டர்) ஏற்றியவர்களுக்கும் இதேதான் வழி. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு ஒன்று எந்தக் கமிட்டில் இருந்தாலும் புஷ் போகாது, அடுத்த கமிட்டில் நீக்கியும் பயனில்லை.

லைசென்ஸ் வைக்காமல் பப்ளிக் ஆக்கினால் மற்றவர்கள் உங்கள் நிரலை (கோட்) பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தங்கள் கணக்கில் நகலெடுப்பது), ஆனால் தங்கள் வேலையில் பயன்படுத்த உரிமை கிடையாது. அதுதான் வேண்டுமென்றால் அப்படியே விடுங்கள்.