முதல் மோட்டோகிராஸ் ரேஸ் சொதப்பிவிட்டதா? அதிலிருந்து கற்கும் வழி

மோட்டோகிராஸில், அதாவது மேடுபள்ளமான மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயத்தில், முதல் ரேஸ் முடித்து வருகிற புதியவர்களிடம் எத்தனையாவது இடம் என்று நான் கேட்பதில்லை. முன்னால் போன நாலு பேர் ஒரே வளைவில் விழுந்தால் இடம் தானாக ஏறிவிடும். அதை வைத்து என்ன கற்பது? நான் கேட்பது, "கை எப்படி இருக்கு?" என்றுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. விழுந்தபோது தலையில் அடிபட்டதா? லேசான தலைவலி, குமட்டல், நடந்ததில் ஏதோ ஞாபகமில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாவது மோட்டோ (ஒரே நாளில் தனித்தனியாக ஓடும் ஓட்டங்களை மோட்டோ என்போம்) கிடையாது, மருத்துவரைப் பாருங்கள். ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கி நசுங்குவதற்காகச் செய்தது. வெளியே கீறல்கூடத் தெரியாது. இதில் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

சரி, கைக்கு வருவோம். ஒரு பையன் முதல் மோட்டோ முடிந்து வந்து உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், மூடியைத் திருக முடியவில்லை. விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன. முழங்கைக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் கட்டையாக இறுகிக் கிடந்தது. "உடம்பில தெம்பு பத்தலண்ணா, ஜிம்முக்குப் போகணும்" என்றான். நான் அவனை வண்டி பக்கம் கூட்டிப்போனேன். சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் படிந்த மண் கலையாமல் அப்படியே இருந்தது. முழங்காலால் வண்டியை அணைத்து ஓட்டியிருந்தால் அந்த இடம் தேய்ந்து பளிச்சென்று இருக்கும். ரேஸ் முழுக்க அவன் கையாலேயே தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஆர்ம் பம்ப் என்று சொல்வது இதைத்தான். முன்னங்கைத் தசைகளைச் சுற்றி அவ்வளவாக விரியாத ஓர் உறை இருக்கிறது. விடாமல் இறுக்கிப் பிடித்தால் தசை வீங்கும். விரிய இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபடும். அப்புறம் கிளட்ச் விரல் கேட்காது, பிரேக் விரல் தாமதமாகும், ஆக்சிலேட்டரைச் சரியாக அளந்து திருக முடியாது. புதியவர்களின் முதல் ரேஸில் நான் பார்க்கிற குளறுபடிகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு மோட்டோ என்பது 30 நிமிடமும் அதற்கு மேல் 2 லேப்பும் (சுற்றும்). வெறும் கைப்பலத்தில் அவ்வளவு நேரம் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்கள் வண்டியைக் காலால் பிடிக்கிறார்கள். கை திருப்பவும் இயக்கவும் மட்டும்.

இதைப் பயிற்சியில் சரிசெய்யலாம். ஃபுட்ரெஸ்ட்டில் பாதத்தின் முன்பகுதியை வைத்து நின்று, முழங்கால்களால் வண்டியை நெருக்கி, முழங்கையை வெளிப்பக்கமாக உயர்த்துங்கள். கிளட்ச்சுக்கும் முன் பிரேக்குக்கும் ஒரு விரல் போதும். ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் பிடியை வேண்டுமென்றே தளர்த்துங்கள், வாய்விட்டு மூச்சை வெளியே விடுங்கள். ரேஸ் பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது பலருக்குத் தெரிவதே இல்லை. லீவர்களையும் பாருங்கள்: நின்றபடி விரலை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கவேண்டும். லீவர் கிளாம்ப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். விழுந்தால் லீவர் சுழன்று கொடுக்கும், உடையாது.

அடுத்து, லேப் நேரப் பட்டியல். டிரான்ஸ்பாண்டர், அதாவது லேப் நேரத்தைத் தானாகப் பதிவுசெய்ய வண்டியில் மாட்டும் சின்னக் கருவி, வைத்து ஓட்டிய ரேஸ் என்றால் ஒவ்வொரு லேப்புக்கும் கணக்கு இருக்கும். இல்லையென்றால் தெரிந்தவர் ஒருவரை ஓரமாக நிறுத்திக் குறிக்கச் சொல்லுங்கள். முடிவுப் பட்டியலைவிட எனக்கு இந்தத் தாள்தான் முக்கியம். முதல் இரண்டு லேப் நன்றாக இருந்து, அப்புறம் படிப்படியாக நேரம் கூடிக்கொண்டே போனால் கை இறுகியது, அல்லது மூச்சு வாங்கியது. எல்லா லேப்பும் ஏறக்குறைய ஒன்றாக, ஆனால் மெதுவாக இருந்தால் உங்களுக்குத் தெம்பு இருக்கிறது. வளைவுகளில் வேலை பாக்கி. கடைசி லேப்கள்தான் வேகமானவை என்றால் தொடக்கத்துப் பயம் தெளிய நேரம் எடுத்திருக்கிறது, அது அடுத்த ரேஸில் பாதி குறைந்துவிடும். ஒரே ஒரு லேப் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அது விழுந்த லேப். அதில் 30 விநாடி போயிருக்கிறது என்று வையுங்கள். 6 லேப் ரேஸில் லேப்புக்கு 5 விநாடி நிதானமாக ஓட்டி, விழாமல் வந்திருந்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். உடம்பும் வண்டியும் அடிபடாமல் தப்பியிருக்கும்.

விழுந்ததை அன்று தூங்குவதற்குள் எழுதிவையுங்கள். மறுநாள் மனசு கதையை மாற்றிவிடும். எந்த இடம், எந்த கியர், நின்றிருந்தேனா உட்கார்ந்திருந்தேனா, எந்த பிரேக், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்வியில் பாதி விடை இருக்கும். வண்டிகள் அறுத்துவிட்ட பள்ளத்தில் போகும்போது முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி தடுமாறும்; பார்வை பள்ளம் முடிகிற இடத்தில் இருக்கவேண்டும். வளைவில் வண்டி சாய்ந்த பிறகும் முன் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் முன்சக்கரம் எளிதில் வழுக்கிவிடும்; வேகத்தைக் குறைப்பதெல்லாம் நேராக இருக்கும்போதே முடியவேண்டும். ஜம்ப்பில் ஏறும்போது பயந்து ஆக்சிலேட்டரை மூடினால் வண்டியின் மூக்கு, அதாவது முன்பக்கம், கீழே போகும். காற்றில் இருக்கும்போது மூக்கு தாழ்ந்தால் ஆக்சிலேட்டரைத் திருகுங்கள், எழும்பும். மூக்கு அதிகமாகத் தூக்கினால் பின் பிரேக்கைத் தொடுங்கள், இறங்கும். இதைச் சின்ன ஜம்ப்பில் கைவசப்படுத்தாமல் பெரியதற்குப் போகாதீர்கள்.

ஸ்டார்ட்டில் சொதப்பியதற்கு ரொம்ப வருந்தவேண்டாம். வண்டிகளுக்கு முன்னால் தடுப்பாக நிற்கும் ஸ்டார்ட் கேட் உங்கள் பக்கமாகத்தான் விழும். அவசரப்பட்டு முன்சக்கரத்தை அதில் முட்டிவிட்டால் கேட் கீழே போகாமல் நீங்களே நின்றுவிடுவீர்கள். ஸ்டார்ட்டுக்கு 30 விநாடி என்று பலகை காட்டியதும் பக்கத்து ஆட்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கேட்டை மட்டும் பாருங்கள். முதல் சில ரேஸ்களுக்கு என் யோசனை இதுதான்: வெளிப்பக்க இடத்தை எடுங்கள், முதல் வளைவில் உள்பக்கம் நெரிசலாகப் போகிறவர்களைப் போகவிடுங்கள்.

கொடிகளைத் தவறவிட்டிருந்தால் அதற்கு வருந்தத்தான் வேண்டும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் யாரோ விழுந்துகிடக்கலாம்: வேகத்தைக் குறையுங்கள், ஜம்ப்பில் பறக்காதீர்கள், யாரையும் முந்தாதீர்கள். நீலக் கொடி என்றால் ஒரு லேப் முன்னிலையில் இருப்பவர் பின்னால் வருகிறார். பதறிப்போய் ஓரம் ஒதுங்குகிறேன் என்று குறுக்கே வெட்டுவதுதான் ஆபத்து. போகிற தடத்திலேயே சீராகப் போங்கள், அவர் வழி கண்டுபிடித்துக்கொள்வார்.

வண்டியைக் கழுவும்போது ஸ்போக், செயின் தளர்வு, ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் உதைத்துத் தூக்கியிருந்தால் டெக்னிக்கைக் குறை சொல்வதற்கு முன் சஸ்பென்ஷனை அளந்து பாருங்கள். ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள். ரேஸ் உடுப்போடு ஏறி உட்கார்ந்து அதையே திரும்ப அளங்கள். முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியில் வித்தியாசம் 100 முதல் 105 மில்லிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஒத்துவராமல் இருந்தால் எந்தப் பயிற்சியும் அதை மறைக்காது.

இத்தனையையும் ஒரே வாரத்தில் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். எழுதிவைத்ததில் ஒன்றை எடுத்து, அடுத்த ரேஸ் வரை அதையே ஓட்டிப் பழகுங்கள். அடுத்த ரேஸில் வீடியோ எடுக்க வரும் நண்பரிடம் ஜம்ப்பை எடுக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் அதிகம் திணறுகிற ஒரு வளைவில் நிற்கவைத்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஆக்சிலேட்டர் திறக்கும் இடம் வரை ஒவ்வொரு லேப்பும் எடுக்கச் சொல்லுங்கள். உங்களோடு, உங்களைவிடக் கொஞ்சமே வேகமான ஒருவரையும் அதே இடத்தில் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.