காது கேளாதவரோடு பேச: முதல் நாளுக்கான செய்முறை

எங்கள் அச்சகத்துக்கு டிசைனராக வந்து சேர்ந்தவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவரோடு வேலை பார்த்ததில் கைக்கு வந்த முறை இது.

1. கூப்பிட, கண்ணில் படும்படி கையசையுங்கள். தோளில் லேசாகத் தட்டினாலும் சரி.

2. உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். கத்த வேண்டாம். வாய்தான் கோணும், காது மெஷின் போட்டவருக்கும் இரைச்சல் கூடுமே தவிர, தெளிவு கூடாது.

3. 'உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள்' என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல் படி, மடி, பணி, மணி என்று சொல்லிப் பாருங்கள். நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது. ம-வுக்கு மூக்கு வழியே காற்று போவது யார் கண்ணுக்குத் தெரியும்? ட, ண இரண்டுக்கும் நாக்கு தொடும் இடமும் ஒன்றே. மிச்சத்தை அவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்கு உதவ, என்ன விஷயம் என்பதை முதலில் எழுதிக் காட்டுங்கள்: 'கல்யாணப் பத்திரிகை'. அப்புறம் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். தேதி, விலை, அளவு மூன்றும் பேப்பரில்தான். அவர் தலையாட்டியதை நம்பி மெஷினை ஓட்டாதீர்கள்.

4. நீளமாகப் பேச ஆண்ட்ராய்டில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப்: பேசுவதை அப்போதே எழுத்தாகக் காட்டும் ஆப். தமிழும் உண்டு, இலவசம். ஃபோனை உங்கள் வாய்ப்பக்கம் வையுங்கள். அச்சு மெஷின் ஓடும் இடத்தில் உதவாது. என் ஓட்டு இன்னமும் பேனாவுக்கும் பேப்பருக்கும்தான். ஆனால் பத்தி பத்தியாக எழுதாதீர்கள். சைகையிலேயே வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. சின்ன வாக்கியம் போதும்.

5. சைகை கற்க யூடியூபைத் திறந்தால் அமெரிக்க சைகைதான் முதலில் வரும். அது வேறு மொழி. அங்கே எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். இங்கே பெரும்பாலும் இரண்டு கை. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. இந்திய சைகையில் கேள்விச் சொல் கடைசியில் வரும். 'உங்கள் பெயர் என்ன' என்ற தமிழ் வரிசை இங்கே கைகொடுக்கும்.

பிற்சேர்க்கை: சைகை மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தால் யாரைப் பார்த்துப் பேசுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காது கேளாதவரைப் பார்த்துத்தான். 'அவரிடம் கேளுங்கள்' வேண்டாம். 'நீங்கள்' என்றே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில் நின்றால் காது கேளாதவருக்கு உங்கள் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க வசதி.