பச்சை டம்பருக்கு மஞ்சள் பெயின்ற்: பழைய பொம்மை லொறி சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். தேய்ந்ததைக் கண்டால் நம் கை சும்மா இருக்காது. ஒட்டுப்போட்டு, பெயின்ற் அடித்து, மறுபடி தெருவில் விட்டால்தான் மனம் ஆறும். ஓடுகிற வண்டிக்கு அது நல்ல பழக்கம். பழைய பொம்மை லொறி, புல்டோசர் சேர்க்க வருகிறவரை அதே பழக்கம்தான் முதலில் காலை வாருகிறது.

என்னையும் வாரியது. அம்மம்மா வீட்டு அலுமாரியில், லண்டன் பெரியப்பா எப்போதோ அனுப்பிய குட்டி டம்பர், அதாவது மண் கொட்டும் பொம்மை வண்டி, ஒன்று கிடந்தது. பச்சை உடல், சிவப்புத் தொட்டி, ஓரமெல்லாம் உரிந்த பெயின்ற். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, பளிச்சென்று ஜேசிபி மஞ்சள் எனாமல் அடித்தேன். வீட்டில் ஒரே பாராட்டு. பிறகுதான் வண்டியில் இருந்த லெஸ்னி என்ற பெயரைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த இங்கிலாந்துப் பொம்மைக் கம்பனி 1953இல் மட்ச்பொக்ஸ் என்ற குட்டி வண்டி வரிசையைத் தொடங்கியபோது முதலாம் எண் றோட் றோலர், இரண்டாம் எண் டம்பர், மூன்றாம் எண் சீமெந்துக் கலவை இயந்திரம். நான் சுரண்டியது அந்த இரண்டாம் எண்ணை.

சேகரிப்பவர்கள் உரிந்த பழைய பெயின்றுக்குக் கொடுக்கும் விலையைப் புதுப் பெயின்றுக்குக் கொடுப்பதில்லை. மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். அழுக்குப் போகாவிட்டால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஊறவைத்தால் ஒட்டுப்படங்கள் கழன்றுவிடும், அச்சுக் கம்பி துருப்பிடிக்கும்.

அடுத்த பிழை, அடியைப் பார்க்காமல் வாங்குவது. லெஸ்னி 1982இல் நொடித்துப் போனது. அதற்குப் பிறகு வந்த மட்ச்பொக்ஸ் வண்டிகளின் அடியில் தயாரித்த இடம் மக்காவு, தாய்லாந்து, சீனா என்று மாறிக்கொண்டே போகும். அடியில் ஆண்டு பொறித்திருந்தாலும் அது பெரும்பாலும் அந்த வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. பொம்மை அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். சக்கரத்தையும் பாருங்கள். ஆரம்பத்தில் உலோகம், பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதன் பிறகு கறுப்பு. 1969இலிருந்து வேகமாக உருளும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம். இனி அடித்தட்டைப் பிடித்திருக்கும் றிவெட். அது துளைக்கப்பட்டோ, அந்த இடத்தில் திருகாணி இருந்தோ கண்டால் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். லண்டனில் ஞாயிறு காலைகளில் கார் டிக்கியைத் திறந்து பழைய சாமான் விற்கிறார்களே, அங்கே போகும் உறவினர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “அண்ணா, மேலால எடுத்த படம் காணாது, கவிழ்த்துப் போட்டும் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ.”

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். என்ன விலைக்கு விற்றுப்போனது என்பதுதான் கணக்கு.

வாங்கியாயிற்று, சரி. வைப்பது எங்கே? கடற்காற்றில் உப்பு, மாரியில் ஈரம். மட்ச்பொக்ஸ், அதன் போட்டிக் கம்பனிகளான டிங்கி, கோர்கி எல்லாம் துத்தநாகக் கலவை. உடல் சிவந்து துருப்பிடிக்காது, இரும்பு அச்சுத்தான் பிடிக்கும். அமெரிக்க டொங்கா லொறிகளோ அழுத்திய இரும்புத் தகடு. கீறல் விழுந்த இடமெல்லாம் அரிக்கும். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடுவோம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே நின்று வேலையைக் காட்டும். கொஞ்சம் காற்றோடும் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், லொறியின் கண்ணாடி போய்விடும். மென்மையான ரயர் இன்னொரு வண்டியின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலும் அந்த இடம் உருகினாற்போல் ஆகும்.

போருக்கு முந்திய, அதாவது இரண்டாம் உலகப் போருக்கு முந்திய, சில வார்ப்புகளில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகும். அதற்கு மருந்து இல்லை. பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்பது கதை. வாங்குமுன் வெடிப்புத் தேடுங்கள், அவ்வளவுதான்.

புல்டோசரின் றப்பர் சங்கிலி அறுந்திருந்தால் புதிது போடலாம், தவறில்லை. அறுந்ததை எறியாமல் கூடவே வையுங்கள், விற்கும்போது மாற்றியதைச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியும் அப்படித்தான், வெறும் பெட்டிக்கே விலை உண்டு. கிழிந்தால் செலோரேப் ஒட்டாதீர்கள். கறையான் போகாத தட்டில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நான் அறியாமல் விறாந்தையில் இருந்து சுரண்டியிருக்கிறேன். 1950கள், 60களின் பெயின்றில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசை மூச்சில் இழுப்பதும் கூடாது, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் அந்த வண்டியைக் கொடுப்பதும் கூடாது. மருமகன் அழுதால் நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஜேசிபி ஒன்றை நீட்டுங்கள். அவன் அதை இரண்டு நாளில் உடைத்தாலும் உங்களுக்கு நித்திரை வரும்.